கல்வெட்டின் தலையெழுத்து

திருத்தணிக்கு முருகனைப் பார்க்க வந்து, மலையே ஏறாமல் கல்வெட்டை மட்டும் படித்துவிட்டுத் திருப்தியாக ஊர் திரும்பியவர்கள் உண்டு. மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அவரைப் பார்க்காதவர்கள்.

கல்வெட்டு என்றால் தொல்பொருள் துறை சமாச்சாரம் அல்ல. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கழுத்துக்குக் கீழே கணுக்கால் வரைக்கும் பச்சை குத்திய மனிதர். அரக்கோணத்தில் ஒரு கம்பெனியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நாட்களில், வாடகை குறைவு என்று திருத்தணியில் குடியிருந்தேன். அந்தத் தெருவில் இருந்தவரை நான் பேப்பரே வாங்கியதில்லை. காலையில் கல்வெட்டு பல் துலக்க வெளியே வந்து நின்றால் அதுவே போதும். முன்பக்கம் படித்து முடிப்பதற்குள் வாய் கொப்பளிக்கத் திரும்புவார், பின்பக்கம் படிக்கலாம்.

அவருக்கு விசைத்தறியில் லுங்கி ஓட்டுகிற தொழில். ஊருக்கெல்லாம் துணி நெய்து கொடுத்த மனிதர் தான் மட்டும் சட்டை போடமாட்டார். "எழுதனத மூடி வெச்சா யாரு சார் படிப்பாங்க?" என்பார். நியாயமான கேள்விதான். அவருடைய நிஜப் பெயர் என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி வள்ளி. அந்த அம்மாள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார். சொல்ல வேண்டிய இடத்தில் "யோவ்" என்பார்.

இது எப்படி ஆரம்பித்தது என்று ஒருநாள் கேட்டேன். ஆடிக் கிருத்திகைத் திருவிழாவில் வேண்டுதலுக்காக வலது கையில் ஒரு வேல் குத்திக்கொண்டாராம். அத்தோடு நின்றிருந்தால் அவர் பக்தர். நான் அவரைப் பற்றி எழுத வேண்டிய அவசியமும் வந்திருக்காது.

"வேலு தனியா இருந்துச்சா சார், பார்க்கப் பாவமா இருந்துச்சு. பக்கத்துல ஒரு மயிலு போட்டேன். மயிலு வாயில பாம்பு இருக்கணும் இல்ல? அதப் போட்டேன். அப்புறம் பார்த்தா கொடியில சேவலு வேணும். சேவலு போட்டேன். ஒத்தச் சேவலு இன்னா பண்ணும்? ஒரு கோழி போட்டேன்."

"அப்புறம்?"

"கோழி வந்தா குஞ்சு வராதா சார்?"

கையைத் திருப்பிக் காட்டினார். முருகன் கோயிலாக ஆரம்பித்த கை, முழங்கைக்குக் கீழே கோழிப் பண்ணையாக முடிந்திருந்தது.

"ஒண்ணு குத்தனா பக்கத்துல காலி எடம் தெரியுது சார். குத்தறதுக்கு முன்னாடி அது காலின்னே நமக்குத் தெரியாது" என்றார். குடியைப் பற்றியும் சீட்டாட்டத்தைப் பற்றியும் எத்தனையோ பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். விட முடியாத பழக்கம் என்றால் என்னவென்று இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

கோழிப் பண்ணைக்குப் பிறகு சாமி விஷயம் போய்விட்டது. கண்ணில் பட்டதெல்லாம் ஏற ஆரம்பித்தது. ஒரு தேர்தலில் சுயேச்சையாக நின்ற நண்பருக்காக அவருடைய சின்னத்தைத் தோளில் குத்திக்கொண்டார். சின்னம் இஸ்திரிப் பெட்டி. நண்பர் டெபாசிட் போன வருத்தத்தில் அரசியலை விட்டார், ஊரை விட்டார். இஸ்திரிப் பெட்டி மட்டும் தோளை விடவில்லை. சட்டையே போடாத மனிதரின் தோளில் இஸ்திரிப் பெட்டி எதற்கென்று வெளியூர்க்காரர்கள் விழிப்பார்கள்.

கெண்டைக்காலில் 'ராஜா' என்று இருக்கும். அது அவர் வளர்த்த நாய். அந்த நாய் ஒருநாள் ஆர்.கே.பேட்டை பஸ் பின்னாலேயே குரைத்துக்கொண்டு ஓடி, திரும்பி வரவேயில்லை. மனிதர் அசரவில்லை. தெருவில் திரிந்த வேறொரு நாயைப் பிடித்து வந்து சோறு போட்டு, "இனிமே நீதான் ராஜா" என்றார். அந்த நாய் ஏற்கெனவே 'மணி' என்ற பெயரில் எதிர்வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை.

"பேரு பழகிக்கும் சார். எழுத்த மாத்த முடியாது, நாய மாத்திக்கலாம்" என்றார். அப்படியே நடந்தது. மணி கொஞ்ச நாளில் ராஜாவாகி வாலாட்டியது. அந்த நாயைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நேரடியாக நஷ்டம் உண்டாக்கியது அவருடைய இடது கை. அதில் அரக்கோணம் போகிற காலை ரயில்களின் நேரத்தை வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். அவர் ரயிலில் போகிறவரே அல்ல. தெருவுக்கு உபயோகமாக இருக்கட்டும் என்ற நல்ல மனசு. நானும் கிளம்புகிற அவசரத்தில் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "கையக் கொஞ்சம் காட்டுங்க" என்று நேரம் பார்த்துக்கொண்டு ஓடுவேன். ஒருநாள் ரயில்வேக்காரர்கள் நேரத்தை மாற்றினார்கள். கை மாறவில்லை. ஸ்டேஷனில் காலி தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றேன். கோபத்தோடு திரும்பி வந்து சொன்னதும் கல்வெட்டு துடித்துப்போனார். மறுநாள் பழைய நேரத்தின் மேல் ஒரு கோடு குத்தி, அதற்குக் கீழே புது நேரம் குத்திக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். கை வீங்கியிருந்தது. அந்த வீங்கிய கையைப் பார்த்த பிறகு நான் எப்படி அவரைத் திட்டுவது?

இவ்வளவு குத்திக்கொண்ட மனிதருக்கு ஊசி என்றால் பயம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். காய்ச்சல் என்று ஒருமுறை டாக்டரிடம் அழைத்துப் போனோம். நர்ஸ் ஊசியோடு வந்தார். குத்துவதற்குக் காலி இடம் தேடி அவர் புரட்டிக்கொண்டிருக்கும்போதே கல்வெட்டு கண் செருகிச் சாய்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து எழுப்பினோம்.

"உடம்பு முழுக்கக் குத்திக்கினு கீறியே, இதுக்குப் போயி மயக்கமா?" என்றார் வள்ளி.

"அது எழுத்து. இது ஊசி" என்றார் கல்வெட்டு பலவீனமாக.

அந்த டாக்டர் வள்ளிக்கு விளக்கம் சொன்னார். வலி வந்தால் மூளை தானாகவே ஏதோ ஒன்றைச் சுரக்குமாம். அது வலியை மறக்கடித்து ஒரு சுகம் கொடுக்குமாம். அந்தச் சுகத்துக்காகச் சிலர் திரும்பத் திரும்பப் போவார்களாம்.

வள்ளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மூளைன்னா சொன்னீங்க? அப்ப இவருக்கு அது இல்லீங்க, வேற ஏதோ" என்றார்.

கல்வெட்டிடம் இதற்கு வேறு விளக்கம் இருந்தது. அதை என்னிடம் மட்டும் சொன்னார். "நாளெல்லாம் தறிச் சத்தம் சார். தடக் தடக்னு மண்டைக்குள்ள ஓடிகினே கீது. படுத்தாலும் ஓடுது. அந்தக் குத்தற மிஷினு 'ஙொய்'னு ஆரம்பிச்சிச்சின்னா, தறி நின்னுடும். மனசு அந்த ஊசி முனையிலயே குந்திக்கும். வேற எங்கயும் என் மனசு குந்தனதில்ல சார்." எனக்கு அன்றைக்குக் கிண்டல் செய்யத் தோன்றவில்லை.

இப்போது வள்ளியின் வழக்குக்கு வருகிறேன். இந்த அம்மாளின் கோபம் குத்துவதைப் பற்றியது அல்ல, குத்தாததைப் பற்றியது.

"நாய் பேரு கீது. ரயிலு டைமு கீது. ஓடிப்போனவன் இஸ்திரிப் பொட்டி கீது. கட்டன பொண்டாட்டி பேரு எங்க கீது, கேளுங்க சார்" என்று சுவருக்கு மேலாக என்னிடம் முறையிடுவார்.

கல்வெட்டு பதறுவார். "உன் பேர கண்ட எடத்துல போட முடியுமா வள்ளி? உனக்குன்னு நெஞ்சுல எடம் உட்டு வெச்சிகிறேன்."

உண்மைதான். நெஞ்சில் இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் காலி மனை ஒன்று பல வருஷமாகக் கிடந்தது. வள்ளி அதைப் பார்த்துப் பார்த்துத்தான் குடும்பம் நடத்தினார். அப்புறம் கல்வெட்டு தறிக்குப் புது மோட்டார் வாங்கினார். சந்தோஷம் தாங்கவில்லை. நேரே கடைவீதிக்குப் போய், அந்தக் காலி மனையில் மோட்டாரைக் குத்திக்கொண்டு வந்துவிட்டார். பெல்ட்டோடு.

வள்ளி அழவில்லை, கத்தவில்லை. புருஷன் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்தார். "இனிமே உன் உடம்புல ஒரு எழுத்து ஏறிச்சின்னா எங்க அம்மா வூட்டுக்குப் போயிடுவேன். திரும்ப வரமாட்டேன். சத்தியம் பண்ணு" என்றார். கல்வெட்டு சத்தியம் பண்ணினார்.

அதற்குப் பிறகு அந்த வருஷத்து ஆடிக் கிருத்திகை வந்தது. கல்வெட்டு வழக்கம்போல் மலைக்குக் காவடி எடுத்துப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். முடி வளர்கிறவரை அந்தத் துண்டு இறங்கவேயில்லை. தூங்கும்போதும் கட்டியிருந்தார். கேட்டால், "வேர்க்குரு" என்றார்.

சத்தியம் தாங்கியதா? தறியில் உட்கார்ந்தால் மனசு கடைவீதிக்குப் போனது. லுங்கியில் நூல் தப்பியது. கடைசியில் ஒருநாள் காய்கறி வாங்கப் போன வள்ளி, கடைவீதியில் பச்சை குத்துகிற, ஆந்திரா பக்கத்து நகரிக்காரரின் கடைக்குள் புருஷன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். வேறு யாருக்கோ குத்திக்கொண்டிருந்தார்கள். கல்வெட்டு பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"சத்தம் கேக்கத்தான் வந்தேன் வள்ளி!" என்று பின்னாலேயே ஓடினார். சாராயக் கடையில் உட்கார்ந்துகொண்டு மோர் குடிக்க வந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? வள்ளி காய்கறிப் பையோடு அப்படியே ஆர்.கே.பேட்டை பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

வீடு நாறிப்போனது. கல்வெட்டு தறியை ஓட்டவில்லை. ராஜாவாகிய மணி பட்டினி கிடந்து பழையபடி எதிர்வீட்டுக்குப் போய் மணியாகிவிட்டது.

ஒரு வாரம் போல் கழித்து வள்ளியின் அண்ணன் சமாதானம் பேச வந்தார். இவர் அவரை பாவா என்பார், அவரும் இவரை பாவா என்பார். தெலுங்கு கலந்த வீடுகளில் மச்சான் உறவுக்கு அதுதான் வார்த்தை. "பாவா, வள்ளி ஒரே வார்த்தை சொல்லிட்டா. மலைமேல மொட்டை போட்டுக்கினு, இனிமே குத்தமாட்டேன்னு சாமிக்கு முன்னாடி சத்தியம் பண்ணு. அவ வந்துடுவா" என்றார் அண்ணன்.

"சத்தியம் பண்றேன் பாவா. மொட்டை மட்டும் வேணாம்."

அண்ணன் திகைத்தார். திருத்தணிக்காரன் மொட்டைக்குப் பயந்தான் என்று கேள்விப்பட்டதுண்டா? இங்கே குழந்தை பிறந்தால் மொட்டை, பரீட்சை பாஸானால் மொட்டை, ஃபெயிலானாலும் அடுத்த தடவைக்காக மொட்டை. "மொட்டை இல்லன்னா வள்ளியும் இல்ல. நல்லா யோசன பண்ணு பாவா" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

கல்வெட்டு என்னைச் சுவரோரம் இழுத்தார். 

"சார், மண்டையில வள்ளி பேரு குத்திகிறேன்."

"என்னது?"

"நெஞ்சுல மோட்டாரு போட்டதுக்கு அவ மூஞ்சிய பார்க்க முடியல சார். சத்தியமும் பண்ணிட்டேன். உடம்புலதானே கூடாதுன்னா? தல உடம்புல சேர்த்தியான்னு யோசிச்சேன். கிருத்திகைக்கு மொட்டை போட்டதும், மல அடிவாரத்துல நகரிக்காரரு கட போட்டிருந்தாரு. குந்திட்டேன். அப்புறம் பயமாப் போச்சு. சத்தியத்த மீறிட்டேன்னு தெரிஞ்சா போயிடுவா இல்ல?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிக்க வேண்டும் போலவும் வந்தது. "யோவ், அவங்க கேட்டதே அந்தப் பேரைத்தானே! அதைப் பார்த்தா சத்தியமாவது ஒண்ணாவது. முதல்ல மலைக்குக் கிளம்பு" என்று தைரியம் சொன்னேன். மனிதர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "ஆங், அப்படித்தான் இல்ல சார்?" என்று வெளியே நின்ற அண்ணனிடம் சம்மதம் சொல்ல ஓடினார்.

மறுநாள் மலைமேல் எல்லோரும் கூடினோம். வள்ளி முகம் கொடுக்காமல் அண்ணனுக்குப் பின்னால் நின்றார். கல்வெட்டு முடி எடுக்கிறவர் முன்னால் போய்க் குனிந்து உட்கார்ந்தார். தண்ணீரைத் தலையில் ஊற்றித் தேய்த்துவிட்டுக் கத்தி வைத்தார் அவர். கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. திடீரென்று அவர் கை நின்றது. குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இன்னாபா இது, தலையில பல்லி!"

அவ்வளவுதான். பக்கத்தில் மொட்டைக்குக் காத்திருந்த குடும்பம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சிதறியது. அண்ணன் துண்டை முறுக்கி ஓங்கினார். "அடிக்காத அண்ணா! பல்லிய அடிச்சா பாவம்!" என்று வள்ளி அவர் கையைப் பிடித்துத் தொங்கினார். கூட்டத்தில் ஒரு பெரியவர், இந்தக் களேபரத்திலும் நிதானமாக, "தலையில பல்லி விழுந்தா கலகம். பஞ்சாங்கத்துலயே போட்டுகிறான்" என்றார். இன்னொருவர், "காஞ்சிபுரம் போயி தங்கப் பல்லியத் தொட்டுட்டு வந்துடுங்க, தோஷம் போயிடும்" என்று வழி சொன்னார்.

"அட, உசுரு பல்லி இல்லீங்க. எழுத்து!" என்று கத்தினார் முடி எடுக்கிறவர்.

எல்லோரும் நெருங்கினோம். பாதி மழித்த தலையில், உச்சிக்குக் கொஞ்சம் பின்னால், தடித்த பச்சை எழுத்தில், கண்ணை மூடிக்கொண்டு படித்தாலும் தப்பாதபடி 'பல்லி' என்று இருந்தது. கடைசி எழுத்தின் சுழியை நகரிக்காரர் அழகுக்காக நீளமாக இழுத்து வளைத்திருந்தார். அது வேறு வால் மாதிரியே இருந்தது.

நடந்தது இதுதான். பிறகு நான் அந்த நகரிக்காரரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவருக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. "தமிழ் எழுத ராது நைனா. போன்ல பேரு சொல்லு, போனே எழுதிடும்" என்று செல்போனை நீட்டியிருக்கிறார். சத்தியத்தை மீறுகிற பயத்தில் கல்வெட்டு அதனிடம் ரகசியம் போலக் கிசுகிசுத்திருக்கிறார். சுற்றிலும் பம்பை, உடுக்கை, அரோகரா. 'வள்ளி' என்று இவர் சொன்னதைப் போன் 'பல்லி' என்று எழுதிவிட்டது. கல்வெட்டு தலையைக் குனிந்துகொண்டதால் திரையைப் பார்க்கவில்லை; நகரிக்காரர் அதைப் பார்த்து அப்படியே குத்திவிட்டார். குத்தியவருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவருக்குத் தன் உச்சந்தலை தெரியாது. அவனவன் தலையெழுத்தை அவனவன் படிக்க முடியாது என்று நம் பெரியவர்கள் சொன்னதற்கு இப்படி ஒரு சாட்சி கிடைக்கும் என்று அவர்களே எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

இது எதுவும் தெரியாத கல்வெட்டு, எல்லோரும் வாயடைத்து நிற்பதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். குனிந்த தலை குனிந்தபடியே இருக்க, குரலில் மட்டும் பெருமை ஏறியது.

"படிச்சியா வள்ளி? யாரு பேருன்னு படிச்சியா? நெஞ்சு இன்னா நெஞ்சு, எல்லாத்துக்கும் மேல வெச்சிகிறேன். உனக்குன்னு வெச்ச எடம்!"

 நான் கடவுளை வேண்டினேன். எதிரிலேயே அவர் இருந்ததால் சத்தமாகக்கூட வேண்ட வேண்டியதில்லை.

அண்ணன் வாயைத் திறந்தார். "பாவா, அது பல்..."

வள்ளி அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் மிச்சத்தை விழுங்கினார். அந்த அம்மாள் முன்னால் வந்து, ஈரத் தலையில் ஒட்டியிருந்த முடியை விரலால் தள்ளிவிட்டு, எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான்.

"படிச்சேன்யா. என் பேருதான். சரியாத்தான் கீது" என்றார்.

பிறகு முடி எடுக்கிறவரிடம், "மிச்சத்தையும் எடுத்துடுங்கண்ணா" என்றார். சுற்றி நின்றவர்களை வரிசையாக ஒருமுறை பார்த்தார். அந்தப் பெரியவர் உட்பட யாருமே அதற்குப் பிறகு அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கல்வெட்டு சாமிக்கு முன்னால் சத்தியம் பண்ணினார். வள்ளி அன்றைக்கே வீட்டுக்கு வந்தார். மணியும் திரும்பி வந்து ராஜாவானது.

கீழே இறங்கும்போது வள்ளியிடம் மெதுவாகக் கேட்டேன். "ஏம்மா, மனசு கஷ்டமா இல்லையா?"

"எழுத்த மாத்த முடியாதுன்னு நாய்க்குப் பேர மாத்தலியா சார்? அந்த நாயே பழகிக்கிச்சு. நான் பழகிக்கமாட்டேனா?" என்றார்.

தெரு முழுக்க அந்த ரகசியத்தைக் காப்பாற்றியது. எந்த வதந்தியையும் டீ ஆறுவதற்குள் பரப்பிவிடுகிற தெரு அது. அடுத்த ஆடிக் கிருத்திகை நெருங்கியபோது, முருகன் கனவில் வந்து இனிமேல் மொட்டை வேண்டாம், கொஞ்சம் முடி கொடுத்தால் போதும் என்று சொன்னதாக வள்ளி அறிவித்தார். ஆண்டவனே ஊர் வழக்கத்தை மாற்றிச் சொன்னதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நடுவில் கல்வெட்டுக்குக் கை நமநமவென்று அரித்தால், வள்ளி அவர் புஜத்தில் ஒரு கிள்ளு கிள்ளுவார். "வலிதானே வேணும்னு டாக்டரு சொன்னாரு? அதுக்கு நான் பத்தாதா?"

நான் ஊர் மாறி வந்துவிட்டேன். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திருத்தணி போனவன் அவர்கள் வீட்டுக்கும் போனேன். கல்வெட்டுக்கு உச்சியில் முடி கொட்ட ஆரம்பித்திருக்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் ஓர் எழுத்தின் வால் மட்டும் எட்டிப் பார்க்கிறது. தேங்காய் எண்ணெயோடு வள்ளி பின்னால் உட்கார்ந்து, பக்கத்து முடியை இழுத்து அதன்மேல் படிய வாரிவிட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி நான் குனிஞ்சிகினு இருந்துட்டேன் சார். அவ படிச்சப்ப மூஞ்சி எப்படி இருந்துச்சின்னு பார்க்கவே முடியல. நீங்க பார்த்தீங்க இல்ல?" என்று கேட்டார் கல்வெட்டு.

"பார்த்தேன். நல்லா இருந்தது" என்றேன். அதற்கு மேல் சொன்னால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

அவர் திருப்தியாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தார். "எது எப்படியோ சார், என் தலையெழுத்து நல்ல எழுத்து."

சொல்லி வாய் மூடவில்லை. சுவரில் ட்யூப் லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி 'இச் இச்' என்றது.

வள்ளி சீப்பைக் கீழே வைத்துவிட்டு, விரலால் தரையை மூன்று முறை தட்டினார்.

"பார்த்தியா? பல்லியே சொல்லுது. நெஜம்தான்" என்றார்.